கம்பெனி வீட்டுப் பிள்ளைகள்

பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மாதம் பிறந்ததும் ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்புவதும், தீபாவளிக்கு டிக்கட் கிடைக்குமா என்று இரண்டு மாதம் முன்னரே ஏங்குவதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள். ஆயினும் நாமெல்லாம் மீசை முளைத்த பின் புறப்பட்டவர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழு வயதிலும் எட்டு வயதிலும் தாயின் மடியை விட்டுப் பிழைக்கப் புறப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் ஆலைக்குப் போகவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கும் போகவில்லை. ராஜாவாகவும் ராணியாகவும் வேடமிட்டுக் கொட்டகைகளில் ஆடிப் பாடினார்கள். ஊரார் அவர்களைக் 'கம்பெனிப் பையன்கள்' என்றனர். அவர்கள் உண்டு உறங்கிய இடத்துக்குக் 'கம்பெனி வீடு' என்று பெயர்.

நாடகக் கலையின் வளர்ச்சியைப் பற்றி எழுதக் கற்றறிந்தோர் பலர் உளர். ராகத்தையும் தாளத்தையும் அவர்கள் ஆராயட்டும். பார்சல் ரசீது எழுதிப் பிழைக்கும் நாம் இங்கே சொல்லப் புகுவது அந்தக் கம்பெனி வீட்டைப் பற்றியும், அங்கே பிள்ளையை அனுப்பிவைத்த வீடுகளைப் பற்றியுமே.

மும்பையில் வாழும் நமக்கு இந்தக் கதையில் ஓர் உறவும் உண்டு. 1843-ஆம் ஆண்டில் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே என்பவர் சீதா சுயம்வரத்தை நாடகமாக நடத்தினார். மராட்டிய நாடகத்தின் பிறப்பு அதுவே என்பர். சாங்லி நாடகக்காரர்கள் தஞ்சை வரை வந்து ஆடினார்கள். அவர்களைப் பார்த்து ஊக்கம் கொண்ட தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவ் தாமும் ஒரு குழுவைத் தொடங்கினார். பம்பாய்ப் பார்சிக் குழுக்களும் அக்காலத்தில் சென்னைக்கு வந்து, வண்ணம் தீட்டிய படுதாக்களையும் காட்சி மாற்றும் வித்தையையும் காட்டிச் சென்றன. கோவிந்தசாமி ராவின் நாடகத்தைக் கண்டு மனம் மாறிய இளைஞர்களுள் ஒருவர்தாம் பம்மல் சம்பந்த முதலியார். அவர் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். அது படித்தவர்களின் சபை. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பகலில் வேலை பார்த்து மாலையில் நடித்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக நடித்தவர்களின் உலகம் வேறு.

அந்த உலகத்தில் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. வளர்ந்த நடிகர்களைக் கட்டி ஆள்வது எளிதன்று. முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் இருப்பார்கள். வந்தாலும் மேடையில் ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசி, கதையை அந்தரத்தில் விட்டுவிடுவார்கள். பெண் வேடத்துக்குப் பெண்களைச் சேர்த்தாலோ ஊரார் வாய் சும்மா இராது. ஆண்களே பெண் வேடம் தரிப்பது அக்காலத்தில் எங்கும் இருந்த வழக்கந்தான். மராட்டிய மேடையில் பால கந்தர்வர் புடைவை கட்டிய அழகைக் கண்டு பம்பாய், புணே நகரத்துச் சீமாட்டிகளே அவரைப் பின்பற்றினார்கள் அல்லவா? ஆனால் பால கந்தர்வர் போல் எல்லா ஊரிலும் ஒருவர் அகப்படுவாரா? இந்தச் சங்கடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பரிகாரமாக அமைந்தவர்கள் சிறுவர்கள். சொன்னதைக் கேட்பார்கள். குரல் இனிமையாக இருக்கும். ராமனும் சீதையும் ராவணனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டு, ஒரே பாயில் உறங்குவார்கள். சம்பளமோ அற்பம்.

இப்படிப்பட்ட சிறுவர் குழுக்களை ஒரு நெறியில் நிறுத்திய பெருமை தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகளுக்கு உரியது. அவர் 1867-இல் பிறந்தவர். சனீசுவரன், எமன் முதலிய பயங்கர வேடங்களில் அவர் தோன்றினால் பார்ப்பவர் நடுங்குவார்களாம். பின்னர் வேடமிடுவதை விட்டு, நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவதிலும் காலத்தைக் கழித்தார். வள்ளி திருமணம், கோவலன், சதாரம், பவளக்கொடி, லவகுசா என்று இன்றும் நம் செவியில் விழும் நாடகப் பெயர்கள் அவர் எழுத்தால் நிலைபெற்றவை. 1918-இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த பிள்ளைகளுள் ஒருவர் ஆறே வயதான தி. க. சண்முகம். பிற்காலத்தில் ஔவையார் வேடத்தால் 'ஔவை சண்முகம்' என்று புகழ் பெற்றாரே, அவரேதான். அந்தச் சிறுவனுக்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்னும் செய்தியைச் சண்முகம் அவர்களே பதிவு செய்திருக்கிறார். அவர் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' 1972-இல் நூலாக வந்தது. கம்பெனி வீட்டின் நன்மை தீமைகளை உள்ளேயிருந்து கண்டவர் எழுதிய நூல் அது. கிடைத்தால் நம் சங்கத்து அன்பர்கள் தவறாமல் படிக்க வேண்டும்.

கம்பெனி வீட்டின் நாள், மற்ற வீடுகளின் நாளைப் போன்றதன்று. நாடகம் இரவு ஒன்பதரை மணி அளவில் தொடங்கும். முடியும்போது கோழி கூவும். அரிதாரத்தைத் துடைத்துவிட்டுப் பிள்ளைகள் படுப்பது விடியற்காலையில். வெயில் ஏறிய பின் எழுந்தால், குளியல், சாப்பாடு, உடனே பாடம். ஆர்மோனியத்தின் முன் வரிசையாக உட்கார்ந்து, வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் நூறு பாட்டு நெட்டுருவாகிவிடும். ஒவ்வொரு பையனும் தன் வேடத்தோடு மற்றவன் வேடத்தையும் மனப்பாடம் செய்திருப்பான். ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவன் ஏற வேண்டுமே! தப்பினால் பிரம்படி. வாத்தியார்கள் அடித்ததைப் பிற்காலத்தில் பெரிய நடிகரானவர்கள் பெருமையோடு சொல்வது உண்டு. நமக்கு அதில் பெருமை தோன்றவில்லை. பெரிய நடிகராகாதவர்களும் அதே அடியைத்தான் வாங்கினார்கள். அவர்கள் அதைப் பற்றி எங்கும் பேசவில்லை.

ஒரு ஊரில் சில மாதம் ஆடியதும் வசூல் குறையும். உடனே மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த இடத்தில் நம் இலாகாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரெயில் இல்லையேல் கம்பெனி இல்லை. சுருட்டிய படுதாக்கள், மூங்கில்கள், தகரப் பெட்டிகள், மரத்தால் செய்த சிம்மாசனம், அட்டையில் செய்த ஐராவதம், சமையல் அண்டா, இவற்றோடு முப்பது நாற்பது பிள்ளைகள். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அரை டிக்கட் என்பது ரெயில்வேயின் பழைய வழக்கம். ஆகவே சிறுவர் கம்பெனியின் முதலாளிக்குப் பயணச் செலவிலும் பாதி மிச்சம். டிக்கட் பரிசோதகர் வரும்போது உயரமான பையன்கள் எப்படிக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இன்றும் பார்க்கிறோம் அல்லவா?

நாடகம் ரெயிலேறியது மட்டுமன்று, நாடகத்துக்காக ரசிகர்களும் ரெயிலேறினார்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மையார் முற்றும் பெண்களையே கொண்டு ஒரு கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகத்தைக் காண மாயவரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தனி ரெயில்கள் விடப்பட்டன என்றும், அவற்றை மக்கள் 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே அழைத்தார்கள் என்றும் பெரியோர் சொல்வர். பாலாமணி அம்மையாரின் முதுமை வறுமையில் கழிந்தது.

இனி, யார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று பார்ப்போம். சண்முகம் சகோதரர்களின் தந்தையாரே பெண் வேடத்தில் பெயர் பெற்ற நடிகர். ஆகையால் அவர்களுக்கு அது குலத்தொழில் போல. மற்றப் பலருக்கு அப்படியில்லை. கண்டியில் பிறந்து, மிகச் சிறு வயதில் தந்தையை இழந்து, தாயார் சத்தியபாமாவோடு கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்ட முடியாத வறுமை. தமையனார் சக்கரபாணியும் அவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தனர். கம்பெனியில் வேளாவேளைக்குச் சோறு உண்டு என்பதே அந்தத் தாய்க்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். நாகர்கோவிலில் கொட்டகையில் தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்த சிறுவன், பின்னர்ச் சண்முகம் சகோதரர்களின் சபையில் சேர்ந்து என். எஸ். கிருஷ்ணன் ஆனான்.

எல்லாவற்றிலும் நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1928-இல் பிறந்த சிவாஜி கணேசனின் தந்தையார் ஒரு ரெயில்வே ஊழியர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து நடிப்பில் ஆசை கொண்ட அந்தப் பிள்ளை, தனக்குத் தாய் தந்தை இல்லை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பெற்றோர் இருக்கிறார்கள் என்றால் அனுமதி கேட்பார்கள். அநாதை என்றால் கேள்வி இல்லை. அங்கே அவர் ஏற்ற முதல் வேடம் சீதை. தாய் இருக்க, தாய் இல்லை என்று ஒரு குழந்தை சொல்லிச் சேர வேண்டியிருந்த இடத்தை நாம் கலைக்கோயில் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

அந்தக் கொட்டகைகளில் ஆடிய கதைகள் எவை? பெரும்பாலும் தாயையும் பிள்ளையையும் பற்றியவை. அரிச்சந்திரன் கதையில் தாயோடு விலைக்கு விற்கப்பட்டுப் பாம்பு தீண்டி இறக்கும் லோகிதாசன். லவகுசாவில் தந்தையை அறியாமல் வளரும் இரட்டையர். நல்லதங்காளில் பஞ்சத்துக்குத் தப்பி அண்ணன் வீடு வந்து, அங்கும் சோறு கிடைக்காமல் தாயோடு கிணற்றில் மடியும் ஏழு குழந்தைகள். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளே இந்த வேடங்களை ஏற்றார்கள். தாய் வேடத்திலும் இன்னொரு பையன்தான். எதிரே பெண்கள் பகுதியில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லோகிதாசன் இறந்து கிடக்கும்போது அழாத பெண்ணுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று எண்ணிய காலம் அது. அந்த லோகிதாசன் மறுநாள் பகலில் கடைத்தெருவில் வந்தால், 'கூத்தாடிப் பயல்' என்று அதே ஊர் ஒதுங்கிப் போகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த லோகிதாசனுக்கும் நாம் வாழும் நகரத்துக்கும் தொடர்பு உண்டு. தாதாசாகேப் பால்கே 'ராஜா அரிச்சந்திரா' படத்தை எடுத்து, 1913 மே மாதம் 3-ஆம் நாள் கிர்காமில் கொரனேஷன் கொட்டகையில் திரையிட்டார். அதில் அரசியாக நடித்தவர் சாப்பாட்டு விடுதியில் வேலை பார்த்த ஓர் ஆண்பிள்ளை. இளவரசனாக நடிக்கப் பிள்ளை அகப்படவில்லை. தம் குழந்தை சாவதுபோல் நடிப்பதற்கு எந்தப் பெற்றோர் இசைவார்கள்? கடைசியில் பால்கே தம் சொந்த மகனையே நடிக்கவைத்தார். பம்பாயில் பெற்றோர் அஞ்சியதைத் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் பிள்ளைகள் இரவுதோறும் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பெற்றோர் கொட்டகையில் இல்லை.

திருச்சியில் அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக நடித்துப் பெயர் வாங்கிய ஒரு சிறுவன், பின்னர் எம். கே. தியாகராஜ பாகவதர் என்று தமிழ்நாடு முழுவதும் விளங்கினார். அவரை மேடையேற்றியவர் எப். ஜி. நடேச ஐயர். இவர் தென்னிந்திய ரெயில்வேயில் அதிகாரி. தாமே சிறந்த நடிகர். 1914-இல் தோன்றிய திருச்சி ரசிக ரஞ்சன சபாவை உண்டாக்கியவர். நம் இலாகாவில் இப்படியும் அதிகாரிகள் இருந்தார்கள் என்று எண்ணுகையில் சற்று நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

இதே நடேச ஐயரின் பெயர் இன்னொரு குழந்தையின் வாழ்விலும் வருகிறது. கொடுமுடியில் 1908-இல் பிறந்த பெண் குழந்தை அது. தாய், தம்பி, தங்கை எல்லாருக்கும் சேர்த்து வறுமை. அந்தச் சிறுமி ரெயில் வண்டியில் பாடி, கிடைத்த காசைத் தாயிடம் கொடுப்பாள். அந்தக் குரலைக் கேட்டு வியந்து, நாடக உலகுக்கு வழிகாட்டியவர் நடேச ஐயர் என்று கூறுவர். சிறுமி சேர்ந்தது வேலு நாயர் கம்பெனியில்; கொடுத்த வேடம் நல்லதங்காளின் மூத்த மகன். பசி தாங்காமல் அந்தப் பிள்ளை பாடும் பாட்டைக் கேட்டுக் கொட்டகை உருகியது. அந்தப் பாட்டுக்கு அவளுக்கு யாரும் பாவம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று நாம் நினைக்கிறோம். அவர்தாம் கே. பி. சுந்தராம்பாள்.

அவருடைய கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவும் குழந்தைப் பருவத்திலேயே மேடையேறியவர். செங்கோட்டையில் 1906-இல் பிறந்து, சகோதரர்களோடு ஊர் ஊராகச் சென்று பாடி, காட்சி ஜோடனைக்குப் பேர்போன கன்னையா கம்பெனியில் புகழின் உச்சியை அடைந்தார். இருவரும் இலங்கை மேடையில் சந்தித்தார்கள், 1927-இல் மணந்தார்கள். 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது இருபத்தேழு. அன்றிலிருந்து சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை உடுத்தார். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதையும் விட்டார். பின்னர்ப் படத்தில் நடிக்க அழைத்தபோது ஏற்ற வேடம் நந்தனார். வாழ்வு தொடங்கியதும் ஆண் வேடத்தில், துயரத்துக்குப் பின் திரும்பி வந்ததும் ஆண் வேடத்தில்!

குரல் என்பது பிள்ளைகளுக்குக் கடவுள் தந்த முதல். ஆனால் அது திருப்பிக் கொடுக்க வேண்டிய முதல். பதின்மூன்று பதினான்கு வயதில் சிறுவனுக்குக் குரல் உடைகிறது. இதை நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்பார்கள். நேற்று வரை மூன்று கட்டைச் சுருதியில் எட்டியவன் இன்று வாய் திறந்தால் கரகரக்கிறான். அரை டிக்கட்டும் போயிற்று, குரலும் போயிற்று. பெற்றோர் வீட்டில் இருக்கும் பையனுக்கு இது ஒரு வேடிக்கை. அக்காள் தங்கை சிரிப்பார்கள். ஆறு மாதத்தில் மறந்துபோகும். கம்பெனிப் பையனுக்கோ உலகமே புரண்டுவிடும். ராஜபார்ட் சேவகனாவான். சேவகன் படுதா இழுப்பான். சிலர் ஆர்மோனியம் பழகித் தப்பினார்கள். சிலர் பபூன் ஆனார்கள். சிலர் சமையற்கட்டில் ஒதுங்கினார்கள். புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா போன்ற பெரும் பாடகருக்கும் இந்தக் கண்டம் வந்தது. கம்பெனியை விட்டு ஊர் திரும்பி, உடற்பயிற்சியும் சங்கீதமும் பழகி மீண்டும் எழுந்தார். அவரைப் போல எத்தனை பேரால் எழ முடிந்தது?

எழாதவர் ஒருவரை நமக்குத் தெரியும். நம் பாட்டியின் தாய்மாமன் அவர். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தகப்பனார் இறந்த வருஷம் எட்டு வயதில் கம்பெனியில் விட்டார்கள், ஸ்திரீபார்ட். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை மணியார்டர் வரும். அக்கால மணியார்டர்த் தாளின் அடியில் இரண்டு வரி எழுத இடம் இருந்தது அல்லவா? அதில் வேறு யாரோ எழுதிய கையெழுத்தில், 'சௌக்கியம், கவலைப்பட வேண்டாம்' என்று இருக்குமாம். தாயார் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் அந்தத் துண்டுகளை எல்லாம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். ஆறு வருஷம் கழித்து ஒரு விடியற்காலையில், குரல் உடைந்து, தகரப் பெட்டியோடு பிள்ளை திரும்பி வந்து வாசலில் "அம்மா" என்று கூப்பிட்டபோது, "யாரப்பா நீ?" என்று கேட்டாராம் அந்த அம்மாள். முகம் தெரியாத இருட்டு, குரலோ வேறு. பின்னர் அவர் நெல் மண்டியில் கணக்கு எழுதிக் காலம் தள்ளினார். பாடச் சொன்னால் எழுந்து போய்விடுவார். ஆனால் ஊரில் யார் வீட்டுக் கலியாணம் என்றாலும் மணப்பெண்ணுக்குக் கொசுவம் வைத்துப் புடைவை கட்டவும், ஜடை பின்னித் தாழம்பூ தைக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் அவரிடம் கூச்சப்பட்டதே இல்லை என்று பாட்டி சொல்வார்.

பிள்ளைகளை விட்ட பெற்றோர் கொடியவர்களா? அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஐந்து வாய் இருந்து நான்கு வாய்க்கே சோறு இருந்தால், ஒரு வாய்க்குச் சோறு போடுகிறேன் என்பவன் தெய்வமாகத்தான் தோன்றுவான். ஆனால் பெற்றோர் வைத்த கைநாட்டு ஒன்றும் உண்டு. இத்தனை வருஷம் பிள்ளையைத் திருப்பி அழைப்பதில்லை என்னும் ஒப்பந்தம் அது. ஆகவே ஓடிப்போவதும், ஓடிய பிள்ளையை ஸ்டேஷனில் தேடிப் பிடிப்பதும், ஒரு கம்பெனியின் நல்ல குரலை இன்னொரு கம்பெனி இரவோடு இரவாக வண்டியேற்றிக் கொண்டுபோவதும் அந்நாளில் சகஜம். 1933-இல் இந்திய அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. பதினைந்து வயது நிரம்பாத குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் சாரம். அமிர்தசரஸ் கம்பளத் தறிகளிலும், சென்னை மாகாணத்துப் பீடிக் கூடங்களிலும் சிறுவர்கள் பட்ட பாட்டைத் தொழிலாளர் கமிஷன் எடுத்துச் சொன்னதன் விளைவு அது. பீடி சுற்றும் பையனைப் பார்த்து இரங்கிய கண்களுக்கு, கிரீடம் வைத்த பையன் உழைப்பாளியாகத் தோன்றுவது எளிதன்று. பளபளப்பு அப்படிப்பட்டது.

நன்மையையும் மறைக்கக் கூடாது. எழுத்தறியாத ஏழைப் பிள்ளைகளுக்குச் செந்தமிழ் வாக்கியத்தைப் பிழையின்றி உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தது கம்பெனி வீடுதான். பல சாதிப் பிள்ளைகள் கூடி உறங்கிய இடமும் அதுவே. அவர்கள் பாடிய பாட்டுகள் ஓரணாப் புத்தகங்களாகக் கொட்டகை வாசலில் விற்றன; அவற்றை வாங்கிப் போன ஆண்கள் திண்ணையில் பாட, கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அடுக்களையில் பாட, கடைசியில் தாலாட்டாகவும் நலங்குப் பாட்டாகவும் குடும்பத்துக்குள் புகுந்துவிட்டன. நம் வீட்டு முதியவர்கள் முணுமுணுக்கும் பழைய மெட்டுக்களில் பல, உறக்கம் வராமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு பத்து வயதுப் பையன் நள்ளிரவில் பாடியவைதாம். போன ஆண்டு விழாவில் நம் சங்கத்துப் பிள்ளைகள் வள்ளி திருமணத்திலிருந்து ஒரு காட்சி நடித்தார்கள். எட்டரை மணிக்கே முடித்து, ஐஸ்கிரீம் கொடுத்து, அவரவர் தாயார் அழைத்துப் போனார்கள். நாம் மேடைக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தோம்.

சங்கரதாஸ் சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சிழந்து 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். அவர் மறைந்த ஒன்பதாவது ஆண்டில் பேசும் படம் வந்தது. தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' எடுக்கப்பட்டதும் இந்தப் பம்பாயில்தான். இம்பீரியல் கம்பெனியார் எடுத்தார்கள். நாயகி டி. பி. ராஜலட்சுமியும் குழந்தை மணம் முறிந்து, வறுமையால் சிறு வயதிலேயே நாடகத்தில் சேர்ந்தவர். 1931 அக்டோபரில் அது திரைக்கு வந்த பிறகு, கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் தகர மேல்கூரையை மாற்றாமலே சினிமாக் கொட்டகைகள் ஆயின. குரல் நின்றவர்கள் ஸ்டூடியோவுக்கு வண்டியேறினார்கள். சில சபைகள் இன்னும் சில காலம் தாக்குப் பிடித்தன.

சுவாமிகளின் நாடகங்கள் மட்டும் இன்னும் ஓயவில்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோவில் திருவிழாக் காலத்தில் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறது. வள்ளியாகப் பெண்களே நடிக்கிறார்கள். நாரதர் ஓர் ஊரிலிருந்து வருவார், வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் விடியும் வரை ஓயாது. விடுமுறையில் ஊருக்குப் போகும் அன்பர்கள் சித்திரை, வைகாசியில் அந்தப் பக்கம் சென்றால், நோட்டீஸ் ஒட்டிய சுவரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முன்வரிசையில் குழந்தைகள் மணலில் படுத்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். விடிந்ததும் அம்மாக்கள் தூக்கிக்கொண்டு போவார்கள்.